ஒரு ராத்திரி விபத்து, ஒரு தலைமுறை நோய்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக நாற்றங்கால், மேலுரம், குருத்துப்பூச்சி என்றுதான் உங்களிடம் பேசுவேன். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். வேறு என்றாலும் உங்கள் வயலையும் வீட்டையும் விட்டுத் தள்ளிப்போன விஷயம் இல்லை.

போன மாதம் ஒரு மானாவாரி கிராமத்தில் சோளப் பயிர் பற்றிப் பயிற்சிக் கூட்டம் நடத்தினோம். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் சார், முன்னேயெல்லாம் சோளக் கதிரிலே நாவாய்ப்பூச்சி விழுந்தா செவின் தூளைத் துணியிலே கட்டித் தட்டுவோம். பூச்சி போயிடும். இப்போ கடையிலே கேட்டா இல்லேங்கறான். நல்ல மருந்தை ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"அரசாங்கம் 2018 ஆகஸ்டிலே தடை பண்ணிடுச்சு ஐயா" என்றேன்.

"என்னத்துக்கு?"

"மனுஷருக்கும் ஆடு மாட்டுக்கும் ஆகாதுன்னு நிபுணர் குழு சொல்லிடுச்சு" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நான் இருபது வருஷம் வெறுங்கையாலே தட்டியிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே. அந்த டப்பா கூட இன்னும் வீட்டிலே இருக்கு. கெட்டியான டப்பா. பயறு போட்டு வெச்சிருக்கோம்."

எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. பாதிப் பதிலோடு கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசு உறுத்தியது. காரணம், என் பணியின் ஆரம்ப நாட்களில் அதே தூளை நானும் சிபாரிசு செய்திருக்கிறேன். எவ்வளவு தூவ வேண்டும் என்று கணக்காகச் சொன்ன நான், கையுறை போடுங்கள் என்பதை அத்தனை அழுத்திச் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய மீதிப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோருக்குமாகச் சொல்லப் போகிறேன். அவரும் எங்கேயாவது கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

மருந்து பிறந்த இடம்

செவின் என்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் கார்பரில். நம் பக்கத்தில் சோளக் கதிருக்கும், பருத்திக் காய்ப்புழுவுக்கும், தென்னையில் சிவப்புக் கூன்வண்டுக்கும் இதைப் பயன்படுத்தியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யூனியன் கார்பைடு என்ற கம்பெனி இதைத் தயாரித்தது. டார்ச் விளக்குக்கு நாம் போட்ட எவரெடி பேட்டரியும் அதே கம்பெனியின் சரக்குத்தான். மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபாலில் அதற்குப் பூச்சிமருந்துத் தொழிற்சாலை இருந்தது.

கார்பரில் தயாரிக்க ஒரு மூலப்பொருள் தேவை. அதன் பெயர் மீத்தைல் ஐசோசயனேட். பெயர் நீளமாக இருக்கிறது. அதனால் 'மிக்' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நீங்கள் தட்டிய தூளில் இந்த மிக் கிடையாது. தூளைச் செய்வதற்கு அது வேண்டும், அவ்வளவுதான். பொங்கிய சோற்றிலே விறகு இருக்காது. ஆனால் விறகு இல்லாமல் சோறும் இல்லை. அந்த மாதிரி.

இந்த மிக் என்கிற திரவத்துக்கு இரண்டு குணம் உண்டு. முதலாவது, 39 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலே அதற்குப் போதும். ஆகவே எப்போதும் குளிர வைத்தே இருக்க வேண்டும். இரண்டாவது, தண்ணீர் பட்டால் சூடேறும். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் எப்படிக் கொதிக்கிறது, பார்த்திருக்கிறீர்கள். அதுபோல இதுவும் கொதிக்கும். சூடு ஏற ஏறக் கொதி இன்னும் வேகம் பிடிக்கும்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி இரவு, அந்தத் தொழிற்சாலையில் சுமார் 40 டன் மிக் இருந்த ஒரு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரத்தை பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியேறும் வாயுவைக் கழுவி விஷத்தை முறிக்க வேண்டிய சாதனம் ஓடும் நிலையில் இல்லை. வாயுவை எரித்துவிட வேண்டிய உயரக் குழாயோ பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். வாயு வெளிவந்த உயரத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஒன்று தவறினால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும் வைத்தது. நான்கும் ஒரே இரவில் கைவிட்டன.

மிக் ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம். மேலே போகாமல் பனிமூட்டம் போலத் தரையோடு தரையாகப் படர்ந்தது. தொழிற்சாலையைச் சுற்றி இருந்தவை குடிசைகள். கூலி ஜனங்கள், அசந்து தூங்குகிற நேரம். மிளகாய் வற்றலைத் தீயில் போட்ட மாதிரி கண்ணும் தொண்டையும் எரிய எழுந்தார்கள். என்ன ஏது என்று தெரியாமல் ஓடினார்கள். ஓடினவர்களுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்க வாயுவை இன்னும் அதிகமாக இழுத்தார்கள். பசு, எருமை, ஆடு எல்லாம் தெருவில் செத்துக் கிடந்தன. மரங்களில் இலை கருகி உதிர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து விழுந்தபோது, வந்தது என்ன வாயு, அதற்கு மாற்று என்ன என்பது டாக்டர்களுக்கே தெரியவில்லை.

மத்தியப் பிரதேச அரசு பின்னர் உறுதி செய்த இறப்புக் கணக்கு 3,787. இழப்பீடு வழங்கப்பட்ட மரணங்கள் 5,295. பாதிக்கப்பட்டோர் என்று அரசே ஒப்புக்கொண்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். இறந்தவர்களின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு என்று அங்குள்ள ஜனங்களின் சங்கங்கள் சொல்கின்றன.

இதுவரை சொன்னது அந்த ஒரு ராத்திரியின் கதை. பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இனிச் சொல்லப்போவது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

விடிந்த பிறகு தொடங்கியது

அன்றிரவு போபால் ரயில் நிலையத்தில் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவர் குலாம் தஸ்தகீர். நின்றுகொண்டிருந்த ஒரு ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பி, நிறையப் பேரைக் காப்பாற்றினார். தான் மட்டும் அங்கேயே நின்றார். அன்று அவர் சாகவில்லை. ஆனால் அன்று இழுத்த மூச்சு அவரை விடவுமில்லை. பல ஆண்டுகள் நோயோடு போராடி 2003ல் காலமானார். இந்த மாதிரி ஒரு சாவை எந்த ஆண்டின் கணக்கில் எழுதுவது, சொல்லுங்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985 முதல் சுமார் 80,000 பேரைப் பதிவு செய்து, பத்தாண்டு காலம் அவர்களின் உடல்நிலையைக் கவனித்து வந்தது. வேறு ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். கண்டுகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் நுரையீரல். நம் நுரையீரலுக்குள் காற்று போகும் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயு அந்த வாய்க்கால்களின் உட்சுவரைப் புண்ணாக்கிவிட்டது. புண் ஆறியபோது தழும்பு விழுந்தது. தழும்பு விழுந்த இடம் சுருங்கிப்போனது. வாய்க்கால் குறுகினால் கடைமடைக்குத் தண்ணீர் போகுமா? அதே கதிதான். உட்கார்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருப்பார்கள். ஒரு மூட்டையைத் தூக்கினால், நாலு படி ஏறினால், மூச்சு முட்டும். உடம்பை நம்பிப் பிழைக்கிற கூலிக்காரருக்கு இதைவிடப் பெரிய ஊனம் என்ன இருக்கிறது? கை கால் எல்லாம் சரியாக இருக்கும். பார்க்கிறவன் "நல்லாத்தானே இருக்கே, வேலைக்கு வர வலிக்குதா?" என்பான்.

அடுத்தது கண். எரிச்சலும் நீர் வடிவதும் ஓயாமல் இருந்தது. கருவிழியில் தழும்பு விழுந்தவர்கள் உண்டு. வயதுக்கு முன்பே புரை விழுந்தவர்களும் உண்டு.

மூன்றாவது, தாய்மார்கள் விஷயம். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்து, அந்த நேரத்தில் கர்ப்பமாக இருந்த 865 பெண்களை ஓர் ஆய்வில் விசாரித்தார்கள். அதில் நூற்றுக்கு 43 கர்ப்பங்களில் உயிரோடு குழந்தை பிறக்கவில்லை. பிறந்த பிள்ளைகளின் கதையும் பிறகு தெரிய வந்தது. வாயு தாக்கிய பெற்றோருக்குப் பிறந்த ஆண்பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியிருப்பதாக 2003ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த ஆண்கள் பெரியவர்களான பிறகு, உடல் ஊனத்தால் வேலை செய்ய முடியாமல் போவதும் புற்றுநோயும் அவர்களிடம் அதிகமாக இருப்பதாக 2023ல் வந்த ஆய்வு சொல்கிறது. விபத்து நடந்த நேரத்தில் இவர்கள் இன்னும் உலகத்தைப் பார்க்கவே இல்லை.

நான்காவது, மனசு. தூக்கமின்மை, பயம், எதிலும் பிடிப்பில்லாமை. இதையும் நோயாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் இதை ஸ்கேன் எடுத்துக் காட்ட முடியாதே.

ஐந்தாவது தண்ணீர். அந்தத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் கழிவுகளை வளாகத்துக்குள்ளும், வெளியே வெட்டிய குளங்களிலும் விட்டிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு ஆலை மூடப்பட்டது. கழிவு அங்கேயே கிடந்தது. மழைத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடியில் இறங்கிற்று. சுற்றியிருந்தவர்கள் அடிபம்பில் அடித்துக் குடித்தார்கள். காற்றில் வந்த விஷத்துக்குத் தப்பியவர்களும், பின்னால் வந்து குடியேறியவர்களும் தண்ணீரில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பகுதிகளுக்கு நல்ல குடிதண்ணீர் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2004ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆலையில் எடுத்து வைத்திருந்த சுமார் 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் லாரிகளில் ஏற்றப்பட்டு, பீதம்பூர் என்ற இடத்துக்குப் போய் அந்த ஆண்டின் நடுவில் எரித்து முடிக்கப்பட்டது. விபத்து நடந்து 40 ஆண்டு கழித்து! மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது இதில் சேரவில்லை.

காகிதம் இல்லாதவன் கஷ்டம்

1989ல் கம்பெனியும் அரசும் 47 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டன. கேட்கப் பெரிய தொகையாகத் தெரியும். ஐந்து லட்சம் பேருக்குப் பங்கு பிரித்தால்? பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். பல ஆண்டு கழித்து, மீதிப் பணத்தைப் பிரித்தபோது இன்னொரு 25,000. நம் பக்கத்து விலைவாசியில் ஒரு கறவை மாடு வாங்கலாம். ஆயுசு முழுக்க மூச்சுத் திணறலுக்கு அது ஈடாகுமா? கூடுதல் இழப்பீடு கேட்டு மத்திய அரசு போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்துவிட்டது.

ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், காரணங்கள் பல. அதில் ஒன்றை மட்டும் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். பெரும்பாலோருடைய காயம் 'தற்காலிகமானது' என்று பதிவாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டை, மருந்துச் சீட்டை, எக்ஸ்ரே படத்தை வைத்திருக்காதவர்கள் நிறைய. உயிரைக் கையில் பிடித்து ஓடுகிறவன் காகிதத்தையா பார்ப்பான்? ஆனால் பத்து வருஷம் கழித்து நெஞ்சு வலிக்கிறது என்று போனால், "இது அந்த வாயுவாலே வந்ததுன்னு என்ன ஆதாரம்?" என்றுதான் கேட்பார்கள். 1994ல் அந்தப் பெரிய ஆய்வுகளும் முடித்துக்கொள்ளப்பட்டன. இதற்கென்று தேசிய அளவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் போபாலில் அமைந்தது 2010ல்தான்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இரண்டு பெண்கள், எழுதுபொருள் தயாரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர்கள், மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தில்லி வரை நடந்தே போய் நியாயம் கேட்டார்கள். 2004ல் அவர்களுக்கு ஒரு சர்வதேசப் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில், ஊனமாகப் பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார்கள். பரிசுப் பணத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகாத அந்தத் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

இளஞ்சிவப்பு விதைக் கோதுமை

"அது பட்டணத்துத் தொழிற்சாலையிலே நடந்தது. பட்டிக்காட்டுக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். விவசாயிகளுக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். இது ஈராக் நாட்டில் நடந்தது.

1971ல் அங்கே கடும் வறட்சிக்குப் பிறகு, விவசாயிகளுக்குக் கொடுக்க அரசு வெளிநாட்டிலிருந்து விதைக் கோதுமையும் வாற்கோதுமையும் வரவழைத்தது. பூஞ்சாணம் தாக்காமலிருக்க அந்த விதைக்குப் பாதரச மருந்து கலந்து நேர்த்தி செய்திருந்தார்கள். உண்ணக்கூடாது என்று தெரிவதற்காகச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். சாக்கில் எச்சரிக்கையும் அச்சடித்திருந்தது. ஆனால் அது அந்த விவசாயிகளுக்குப் படிக்கத் தெரியாத அன்னிய பாஷையில் இருந்தது. மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

விதை வந்து சேர்வதற்குள் பல இடங்களில் விதைப்புப் பருவம் முடிந்துவிட்டது. வீட்டில் தானியம் இல்லை. வாசலில் மூட்டை மூட்டையாகக் கோதுமை. என்ன செய்வான் சம்சாரி? முதலில் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோழி ஒன்றும் ஆகாமல் மேய்ந்தது. தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சாயம் போய் வெள்ளைக் கோதுமை வந்தது. விஷமும் போயிற்று என்று நினைத்து அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். போனது சாயம் மட்டும்தான்.

இந்தப் பாதரச விஷம் உடனே காட்டாது. வாரக்கணக்கில் உடம்பில் சேரும். முதலில் கைவிரலும் உதடும் மரத்துப்போகும். அப்புறம் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், பார்வை ஒரு குழாய்க்குள்ளே பார்ப்பது போலக் குறுகும், காது மந்தமாகும். என்னவென்று தெரிந்துகொள்வதற்குள் நிறையச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர். ஆஸ்பத்திரிக்கே வராதவர்கள் கணக்கில் இல்லை. தாய்க்கு லேசான மரமரப்போடு போனது. வயிற்றில் இருந்த பிள்ளையோ மூளை பாதித்துப் பிறந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது ஆயுள் முழுக்க நீடிக்கிற ஊனம்.

நம் ஊரில் கரும்புக் கரணையை நனைக்க அகலால், அரெட்டான் என்று வாங்கினோமே, அதுவும் பாதரச மருந்துதான். ஈராக்கில் கலந்தது வேறு வகை, இதைவிடக் கொடியது. ஆனாலும் சொந்தம் ஒன்றுதான். 2018ல் கார்பரிலைத் தடை செய்த அதே உத்தரவில் இந்த மருந்தும் தடை செய்யப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

பயமுறுத்துவதற்காக இவ்வளவும் சொல்லவில்லை. இந்த இரண்டு கதையிலிருந்தும் நம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய காரியங்கள் உண்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. சாயம் ஏற்றிய விதை மீந்தால், கழுவி உலையில் போடாதீர்கள். கோழிக்கும் மாட்டுக்கும் வைக்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மீந்ததைக் கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளிக் குழி தோண்டி ஆழமாகப் புதையுங்கள்.

இரண்டு. மருந்து காலியான டப்பா, பாட்டில் எதையும் வீட்டுப் புழக்கத்துக்கு எடுக்காதீர்கள். மருந்து கலக்கும்போதே மூன்று தரம் அலசி, அலசின தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு டப்பாவை ஓட்டை போட்டு நசுக்கிப் புதையுங்கள். எரிக்க வேண்டாம், புகையும் விஷம்.

மூன்று. மருந்தடிக்கும்போது காற்றுக்கு எதிர்முகமாகப் போகாதீர்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கும் வாய்க்கும் மறைப்பு, இவை மூன்றும் கட்டாயம். 2017ல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த ஜனங்களில் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்தியில் மருந்து முகத்திலேயே படும். கர்ப்பமான பெண்களை, பால் கொடுக்கும் தாய்மாரை அன்றைக்கு அந்த வயல் பக்கமே விடாதீர்கள். வயிற்றுப் பிள்ளைதான் முதலில் அடிபடுகிறது என்பதைப் போபாலிலும் பார்த்தோம், ஈராக்கிலும் பார்த்தோம்.

நான்கு. தலைசுற்றல், வாந்தி, எச்சில் ஒழுகல், அளவுக்கு மீறின வேர்வை, மூச்சுத் திணறல் கண்டால் "வெயில் தாக்கிடுச்சு" என்று மோர் குடித்துப் படுக்காதீர்கள். உடுப்பைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108ஐக் கூப்பிடுங்கள். மருந்துப் பாட்டிலை அல்லது அதன் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் மாற்று மருந்து கொடுக்க முடியும். போபாலில் அந்த ஒரு தகவல் இல்லாமல் டாக்டர்கள் தவித்ததை மறக்காதீர்கள்.

ஐந்து. உங்கள் ஊர்ப் பக்கம் இரசாயனத் தொழிற்சாலையோ, அமோனியா வைத்த குளிர்பதனக் கிடங்கோ, குளோரின் வைத்த குடிநீர் நிலையமோ இருக்கலாம். ரோட்டில் டாங்கர் லாரி கவிழலாம். வாயு கசிந்தால் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். ஒரு பிடி புழுதியை எடுத்து விட்டாலே தெரியும். களத்தில் தூற்றுகிற நமக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வாயு வருகிற திசையிலே ஓடாதீர்கள்; காற்றுக்குக் குறுக்கே விலகிப் போங்கள். பள்ளத்தில், ஓடையில் ஒளியாதீர்கள். கனமான வாயு அங்கேதான் தங்கும். துண்டை, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஆறு. போபாலுக்குப் பிறகு 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989ல் அபாயகரமான இரசாயனங்களுக்கான விதிகளும் வந்தன. பெரிய அளவில் அபாயப் பொருள் வைத்திருக்கும் ஆலைகள், விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றியிருக்கும் ஜனங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. ஆகவே கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: உள்ளே என்ன பொருள் இருக்கிறது? கசிந்தால் என்ன செய்யும்? சங்கு ஊதினால் எந்தப் பக்கம் போக வேண்டும்? நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு மருந்து இருக்கிறதா? கேட்பது சண்டை ஆகாது. அது உங்கள் உரிமை. அந்த ஆலையிலே நம் பிள்ளைகளே வேலை பார்க்கலாம். அவர்களுக்கும் இது நல்லதுதான்.

ஏழு. இது கடைசி, ஆனால் முக்கியம். விஷம் எந்த வழியில் தாக்கியிருந்தாலும் ஆஸ்பத்திரிச் சீட்டை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதி, எந்த இடம், எந்த மருந்து, எத்தனை மணி நேரம் என்று பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்திரப் பையில் பட்டாவோடு சேர்த்து அதுவும் இருக்கட்டும்.

பெரியவர் வீட்டு டப்பா

மறுவாரம் நான் அந்தக் கிராமத்துக்குத் திரும்பவும் போனேன். பெரியவர் வீட்டைத் தேடிப் போய், "அந்த டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க ஐயா" என்றேன். அவர் மனைவி பரணிலிருந்து எடுத்து வந்தார். உள்ளே பாசிப்பயறு இருந்தது. "நாலு தரம் கழுவிட்டுத்தான் சார் போட்டேன், வாசனையே இல்லே" என்றார்.

எனக்கு ஈராக்கில் கோதுமை கழுவிய தாய்மார்தான் நினைவுக்கு வந்தார்கள். அத்தனை வருஷத்துக்கு முன்பு காலியான டப்பாவில் இப்போது மருந்து மிச்சம் இருக்குமா என்றால், அநேகமாக இருக்காது. அதை அந்த அம்மாவிடமும் மறைக்காமல் சொன்னேன். "ஆனா அம்மா, இன்னிக்கு இந்த டப்பா சரின்னா, நாளைக்கு வேறே ஒரு டப்பா வரும். உங்க பேத்தி அதையும் கழுவித்தான் வைப்பா. அது என்ன மருந்தோ, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அந்த அம்மா சற்று நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பயறைக் கோழிக்குக் கூடப் போடாமல் குழியில் கொட்டச் சொன்னார். பெரியவர் மண்வெட்டி எடுத்தார். டப்பாவை மடார் மடாரென்று நசுக்கிக் குழியில் போட்டு மூடினோம். கை கழுவும்போது பெரியவர் கேட்டார்: "சார், போன மாசமே இதைச் சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம். போன மாதம் என்ன, பத்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இன்று சொல்கிறேன். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னே உங்கள் பரணை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.